ஓட்டிப் பார்த்த வரிகள்

1

சென்ற புதன்கிழமையோடு ஓராண்டு முடிந்தது. 1998 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழரை மணிக்கு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டெலிபோன் பூத்துக்குள் நின்று நான் ஒரே ஆங்கிலச் சொல்லை மூன்று முறை சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதற்கெல்லாம் ஓராண்டு நினைவா என்று கேட்பவர்கள் கடைசி வரை படிக்க வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவன் ஊருக்கு எழுதினால் பனி, பெரிய கார், தனிமை ஆகிய மூன்றும் வந்தாக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பனி இதில் வரும். கார் பழையது. தனிமைக்கு எனக்கு இதுவரை நேரம் ஒதுக்கித் தரப்படவில்லை. திருநெல்வேலிக்காரன் எழுதினால் நான்காவதாக அல்வாவும் வர வேண்டும். அதை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

என் சொந்த ஊர் வீரவநல்லூர். 1994 ஆகஸ்டில் இங்கே ஓஹையோ மாநிலத்துக்கு வந்தேன். பெயர் கோமதிநாயகம். இதை முழுக்கச் சொல்ல இங்கே யாருக்கும் மூச்சு போதாததால் அலுவலகத்தில் 'கோமா' என்று சுருக்கிக்கொண்டார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அதற்கு என்ன பொருள் என்பதை நான் சொல்லவில்லை. மனைவி செண்பகம் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறாள். மகள் வடிவுக்குச் சென்ற ஆண்டு எட்டு வயது. பள்ளியில் அவள் பெயர் 'வாடி'. அவள் அம்மாவும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்பதால் இதில் மட்டும் பெரிய இழப்பு இல்லை.

என் வேலை மென்பொருள் சோதிப்பது. இதை அக்காவின் கணவர் ஆறுமுகம் அத்தானிடம் முதல் முறை விளக்கியது நினைவிருக்கிறது.

"மத்தவங்க எழுதின புரோகிராம்ல என்ன தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கணும், அத்தான்."

"அதை நம்ம ஊர்ல சும்மாவே செய்யுதாங்க. உமக்கு அதுக்குச் சம்பளம் வேற குடுக்கானா, வே?"

2

எங்கள் கம்பெனி பள்ளிக்கூட பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் மென்பொருளைத் தயாரிக்கிறது. எந்த பஸ், எந்தத் தெருமுனையில், எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஓட்டுநரின் கையில் ஒரு தாளைத் தரும். ஒரே பஸ் காலையில் இரண்டு நடை போகும். முதல் நடையில் பெரிய பிள்ளைகள், இரண்டாம் நடையில் சிறு பிள்ளைகள். பனி கொட்டினால் பள்ளிகள் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். வானொலியில் அறிவிப்பார்கள். அன்றைக்கு எல்லா நிறுத்தங்களுக்கும் இரண்டு மணி நேரம் கூட்டிப் புதுத்தாள் எடுக்க வேண்டும். இது வரைக்கும் சுண்ணாம்பும் வெற்றிலையும் போல எளிய விஷயம்.

1997 கோடையில் எங்களுக்குப் புதிய மேலாளராக டெப்ரா வந்தாள். கூடவே 'கவரேஜ்' வந்தது. ஒரு புரோகிராமில் பத்தாயிரம் வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சோதனைகளை ஓட்டும்போது, அவற்றில் எந்தெந்த வரிகள் வேலை செய்தன என்று இன்னொரு புரோகிராம் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வரும். ஓடிய வரி பச்சை. ஓடாத வரி சிவப்பு. நூற்றுக்கு எத்தனை பச்சை என்பதுதான் கவரேஜ்.

இதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவப்பு உண்மையைச் சொல்லும்: இந்தப் பக்கம் நீ எட்டியே பார்க்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும். அதைக் கேட்டுப் பலமுறை வெட்கப்பட்டுத் திருந்தியிருக்கிறேன். பச்சையோடுதான் சிக்கல். அந்த வரி ஓடியது என்பதற்கு மேல் பச்சைக்கு ஒன்றும் தெரியாது. சரியாக ஓடியதா என்று அதனிடம் கேட்டால் 'ஓடியது' என்று மறுபடி சொல்லும்.

டெப்ரா நடைவழியில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, ஒவ்வொரு குழுவின் பெயருக்கு எதிரேயும் சதவீதத்தை எழுதினாள். அன்றிலிருந்து யாரும் தப்புகளைத் தேடவில்லை. எல்லோரும் பச்சையைத் தேடினோம்.

டிசம்பரில் நாங்கள் தொண்ணூற்றொன்றில் நின்றுவிட்டோம். எனக்கு ஜனவரியில் ஊருக்குப் போக மூன்று வாரம் விடுப்பு வேண்டும். அந்த விண்ணப்பத்தில் டெப்ரா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டே கேட்டாள், "போவதற்குள் நூறு ஆகிவிடும்தானே?"

ஆகிவிட்டது. மூன்றே நாளில். அந்த ஒன்பது சதவீதத்தில், பனி நாளில் இரண்டு மணி நேரம் கூட்டும் தாமதக் கணக்கும் இருந்தது. நான் எழுதிய சோதனை இவ்வளவுதான்: தாமதக் கணக்கைக் கூப்பிடு, அது ஒரு விடை தரும், அதை வாங்கிக் கீழே போடு, அடுத்ததுக்குப் போ. இட்லி வெந்ததா என்று கொப்பரையின் மூடியைத் திறந்து, உள்ளே பார்க்காமல் மூடிவிட்டு, 'திறக்கப்பட்டது' என்று எழுதிவைப்பதற்குச் சமம். இப்படி நாற்பத்தாறு மூடிகளைத் திறந்து மூடினேன். திரை முழுக்கப் பச்சை. நாற்று நட்ட வயல் மாதிரி இருந்தது. பலகையில் நூறு என்று எழுதி டெப்ரா பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகமும் போட்டாள்.

எனக்கும் மனச்சாட்சி என்று ஒன்று உண்டு. அது மஞ்சள் ஒட்டுத்தாள் அளவு இருந்தது. 'தாமதக் கணக்கு பற்றி ஒரு சின்ன விஷயம், திரும்பி வந்து பேசலாம்' என்று அதில் எழுதி டெப்ராவின் மேசையில் ஒட்டிவிட்டு விமானம் ஏறினேன். பெரிய விஷயத்தைச் சின்ன விஷயம் என்று சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

3

பாளையங்கோட்டையில் அக்கா புது வீடு கட்டி முடித்திருந்தாள். தை பிறந்ததும் பால்காய்ப்பு. நாள், 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை. பள்ளி இருந்ததால் செண்பகமும் வடிவும் வரவில்லை. நான் மட்டும் வண்ணார்பேட்டையில் அக்கா அதுவரை குடியிருந்த வாடகை வீட்டில் தங்கினேன்.

காலையில் குறுக்குத்துறையில் தாமிரபரணிக் குளியல். தைப்பனி ஆற்றின் மேல் புகை மாதிரி நிற்க, அத்தான் படியில் துணியை வைத்துவிட்டு ஒரே குதியாகக் குதிப்பார். நான் அமெரிக்காவிலிருந்து வந்தவன் என்ற மரியாதையோடு காலை மட்டும் நனைப்பேன்.

"பைய இறங்கும், வே. அமெரிக்கத் தோலு உரிஞ்சுராம."

அத்தான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நேரக் காப்பாளர். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, புறப்பட்டது என்று பெரிய நோட்டில் எழுதுவார். கவரேஜ் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டிய தேவை எனக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை. நூறு வாங்கியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்திருக்கலாம்.

முழுக்கக் கேட்டுவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"இது நம்ம நோட்டு மாதிரில்லா இருக்கு. பாபநாசம் வண்டி வீரவநல்லூர் தாண்டுச்சான்னா தாண்டுச்சு. எழுதிருவேன். நின்னு ஆளை ஏத்துச்சா, ஏத்தாம வந்துச்சான்னு நோட்டுல கட்டம் கெடையாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"அங்கன நிக்குதவனுக்குத் தெரியும்."

எனக்கு நன்றாகவே தெரியும். 1983 முதல் 86 வரை திருநெல்வேலியில் கல்லூரிக்குப் போக வீரவநல்லூர் நிறுத்தத்தில் நின்றவன் நான். பின்னால் போட்டி வண்டி வந்தால் எங்கள் வண்டி நிற்காது. வேகத்தைக் குறைக்கும். நடத்துநர் படியில் தொங்கியபடி, அடுத்ததில் வாருங்கள் என்று கையால் காட்டுவார். பிறகு புழுதி. அன்றைய நோட்டிலும் வீரவநல்லூருக்கு எதிரே நேரம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். நூற்றுக்கு நூறு.

அன்று படித்துறையில் இதைக் கேட்டு நான் ரசித்துச் சிரித்தேன் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். சிரிப்பதைத் தவிர வேறு ஏதாவது செய்ததாக அதில் குறிப்பு இல்லை.

4

அக்கா வீட்டு டெலிபோன் புது வீட்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்ததில், இங்கே துண்டிக்கப்பட்டு அங்கே இணைக்கப்படாமல் இருந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டு மைல்தான் இருக்கிறது. அதைத் தாண்ட டெலிபோனுக்கு ஏழு வாரம் பிடித்தது. ஆகவே அலுவலகத்துக்கு, தெருமுனையில் முத்தையா அண்ணாச்சி வைத்திருந்த பூத்தின் எண்ணைக் கொடுத்திருந்தேன். நம் மாலை ஏழரை என்பது அவர்களுக்குக் காலை ஒன்பது.

செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. அண்ணாச்சி எடுத்து, "ஆமாம்மா, இருக்காரு, இருக்காரு" என்று டெப்ராவிடம் தமிழில் உத்தரவாதம் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டினார். அத்தான் கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்றார்.

கம்பியில் எதிரொலி. நான் பேசியது எனக்கே ஒருமுறை திரும்பி வந்தது. வெளியே ஜங்ஷனுக்குப் போகும் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன.

டெப்ரா கேட்டாள், "கோமா, உன் மஞ்சள் தாள் எனக்குப் புரியவில்லை. அறிக்கை முழுக்கப் பச்சை. இன்று வெளியிட வேண்டும். தாமதக் கணக்கை நீ சரிபார்க்கவில்லையா?"

நான் சொன்னேன், "யெஸ்."

அதாவது, ஆமாம், சரிபார்க்கவில்லை.

"நிச்சயமாகச் சரிபார்க்கவில்லையா?" என்பது போல எதிரொலிக்கு நடுவே ஏதோ கேட்டாள்.

"யெஸ், யெஸ்" என்றேன், அழுத்தமாக, தலையையும் ஆட்டி. டெலிபோனில் தலை தெரியாது என்பது வேறு விஷயம். தெரிந்திருந்தாலும் நம் தலையாட்டலைப் பார்த்து எந்த அமெரிக்கரும் எந்த முடிவுக்கும் வந்ததில்லை.

"குட்! அப்படியென்றால் நாம்..." என்றாள். கம்பி அறுந்துவிட்டது.

அந்த 'குட்' கொஞ்சம் உறுத்தியது. வேலை பாக்கி இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் யாராவது நல்லது என்பார்களா? ஆனால் அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் குட் என்பார்கள். நிறுத்தி வைக்கிறோம் என்றுதான் சொல்ல வந்திருப்பாள் என்று வெளியே வந்தேன்.

"என்ன மாப்ளே, ஒரே யெஸ்ஸா இருக்கு. அவ என்ன கேட்டா?" என்றார் அத்தான்.

"நீ பாக்கலையான்னு கேட்டா."

"பாத்தீரா?"

"இல்ல."

"பொறவு?"

"பாக்கலையான்னு கேட்டா, ஆமான்னுதானே அத்தான் சொல்லணும்?"

அத்தான் ஒரு கணம் யோசித்தார். "சரிதான். வேற என்ன சொல்ல?"

முத்தையா அண்ணாச்சியும் உள்ளிருந்து ஒப்புக்கொண்டார். "சாப்பிடலையான்னு கேட்டா, ஆமா, இன்னும் இல்லன்னுதான தம்பி சொல்லுவோம். இதுல என்ன இருக்கு?"

மூன்று திருநெல்வேலிக்காரர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட ஒரு விடை, ஆங்கிலத்தில் தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருந்தது. 'பார்க்கவில்லையா' என்று அவர்கள் கேட்டால், பார்த்திருந்தால் யெஸ், பார்க்காவிட்டால் நோ. நாம் கேள்விக்குப் பதில் சொல்கிறோம்; அவர்கள் காரியத்துக்குப் பதில் சொல்கிறார்கள். அன்று காலை ஒன்பதே காலுக்கு டெப்ரா தன் குறிப்பேட்டில் 'கோமா உறுதி செய்தார்' என்று எழுதி மென்பொருளை வெளியிட்டாள். வாங்கிய முதல் பள்ளி வட்டாரம் ஓஹையோவில் நாங்கள் குடியிருக்கும் ஊர். வடிவு போகும் பஸ் இரண்டாம் நடை.

5

பால்காய்ப்பு நன்றாக நடந்தது. மத்தியானம் தேங்காய்ப்பால் சொதியோடு சாப்பாடு. புது வீட்டின் சன்னல்கள் ஒவ்வொன்றையும் அத்தான் திறந்து மூடிக் காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, வழக்கமான ஏழரை மணிக்குச் செண்பகம் பேசினாள்.

"இங்க ஒண்ணும் பெருசா இல்லைங்க, பதறாதீங்க" என்று தொடங்கினாள். சின்ன விஷயம் என்பதன் மறுவடிவம் இது. பதறினேன்.

முந்தின நாள் வியாழக்கிழமை பனி. பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று வானொலி சொன்னது. வழக்கமாக எட்டு நாற்பதுக்கு வரும் பஸ் பத்து நாற்பதுக்கு வர வேண்டும். செண்பகம் பத்தரைக்கு வடிவைத் தெருமுனையில் விட்டாள். அங்கே இன்னும் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். அவள் நூலகத்துக்குப் போய்விட்டாள். பஸ் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பதினொன்றே முக்காலுக்கு எதிர்வீட்டுப் பெண் ஏதோ எடுக்கச் சன்னல் பக்கம் வந்தவள், மூன்று பிள்ளைகள் பனியில் அசையாமல் நிற்பதைக் கண்டு ஓடிவந்து உள்ளே அழைத்துப் போயிருக்கிறாள்.

"கையுறை நனைஞ்சு போச்சுங்க. ரெண்டு விரல் நுனி வெள்ளையா, தொட்டா தெரியலைங்கா. டாக்டர் வெதுவெதுப்பான தண்ணியில வச்சாரு. சரியாயிரும்னு சொல்லுதாரு. தோலு மட்டும் உரியுமாம்."

"பஸ் எப்ப வந்துச்சாம்?"

"பன்னெண்டு நாப்பதுக்கு."

பன்னிரண்டு நாற்பது. என்ன நடந்திருக்கும் என்று ரிசீவரைப் பிடித்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நடைக்கு இரண்டு மணி நேரம் கூட்டியாயிற்று. இரண்டாம் நடை, முதல் நடை முடியும் நேரத்திலிருந்து கணக்கிடப்படுவது. அதில் அந்த இரண்டு மணி நேரம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் இன்னொரு முறை இரண்டு மணி நேரம். கீழே போட்ட அந்த விடையை ஒருமுறை குனிந்து எடுத்துப் பார்த்திருந்தால் எட்டாம் வகுப்புப் படித்தவனும் கண்டுபிடித்திருப்பான்.

முத்தையா அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் முக்காலியை எடுத்துக் கொடுத்தார். "இங்கன உக்காருங்க தம்பி" என்றார். உட்கார்ந்தேன்.

6

பிப்ரவரி முதல் வாரம் விசாரணை. நீள மேசை, டெப்ரா, பணியாளர் பிரிவிலிருந்து இருவர், நடுவே பிஸ்கட்டு. அவர்கள் கோபப்படவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டெப்ரா தன் குறிப்பேட்டை வாசித்தாள். நான் என் நாட்குறிப்பை வாசித்தேன். இரண்டிலும் 'யெஸ்' இருந்தது. பணியாளர் பிரிவில் ஒருவர் ஆசியர்களோடு வேலை செய்து பழகியவராம். அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. அறையில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. யார் மேலும் தப்பில்லை. இலக்கணத்தின் மேல்தான் தப்பு.

முடிவுகள் ஒரு தாளில் அச்சாகி வந்தன. ஒன்று, சோதனை நூறு சதவீதம் நிறைவேற்றப்பட்டிருந்ததை அறிக்கை உறுதிப்படுத்துகிறது. இரண்டு, தொலைபேசித் தொடர்பில் மொழிக் குழப்பம் ஏற்பட்டுள்ளது. மூன்று, திரு. கோமாவுக்குப் பத்து வார ஆங்கில வகுப்பு, செவ்வாய் தோறும்.

இரண்டு முறை கூட்டிய தாமதக் கணக்கை ஒரே வரியில் திருத்தியாகிவிட்டது. மற்ற நாற்பத்தைந்து மூடிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவை பச்சையாக இருந்தன. நானும் சொல்லவில்லை. கிரீன் கார்டுக்கான என் தாள்கள் டெப்ராவின் கையெழுத்துக்காக அவள் மேசையில் இருந்தன. "இந்த வாரம் போட்டுவிடுகிறேன்" என்று வெளியே வரும்போது தோளைத் தட்டிச் சொன்னாள். தாங்க்யூ என்றேன். அதில் எந்த மொழிக் குழப்பமும் இல்லை.

7

அன்று மாலை வடிவு சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல் நுனிகளில் தோல் உரிந்து உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. பென்சிலை மற்ற விரல்களால் பிடித்திருந்தாள்.

அவள் தமிழ் நாங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுத் தானாகக் கட்டிக்கொண்டது. எங்களை 'நீ' என்பாள். ஆங்கிலத்தில் இருப்பது ஒன்றுதானே. ஊரில் இதற்காக அக்கா என்னைக் கண்டிப்பது உண்டு.

"அப்பா, அந்த பஸ் டைம் எல்லாம் நீ செக் பண்ணினதுதானே?"

"எழுதினது வேற ஆளும்மா. அப்பா டெஸ்ட் பண்ணினேன்."

"டெஸ்ட்னா என்ன பண்ணுவே?"

"ஓட்டிப் பாப்பேன்."

"இதை ஓட்டிப் பாத்தியா?"

"ஓட்டிப் பாத்தேன்."

பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பாத்தப்போ என்ன இருந்துச்சு?"

"எதுல?"

"நீதானே சொன்னே. ஓட்டினே. பாத்தே. பாத்தப்போ பன்னெண்டு நாப்பதுன்னு இருந்துச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை. நாம் எல்லாவற்றோடும் 'பார்' சேர்த்துக்கொள்வோம். தின்று பார்ப்போம், கேட்டுப் பார்ப்போம், கதவைத் தட்டிப் பார்ப்போம், பார்வையற்றவர்கூடத் தொட்டுப் பார்ப்பார். அந்தப் 'பார்'க்குள் கண் கிடையாது. வடிவுக்கு இது தெரியாது. அவள் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து ஆங்கிலத்தில் வைத்துப் புரிந்துகொள்கிறவள். அவளைப் பொறுத்தவரை, பார்த்தேன் என்றால் பார்த்தேன்.

அவள் குற்றம் சாட்டவில்லை. அப்பா பார்த்திருந்தால் பன்னிரண்டு நாற்பது என்று தெரிந்திருக்குமே, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளுக்குக் குழப்பம். அவ்வளவுதான்.

"அது அப்படி இல்லம்மா. தமிழ்ல எப்படின்னா..." என்று தொடங்கினேன். நல்ல விளக்கம் கைவசம் இருந்தது. துணைவினை என்று ஒன்று உண்டு, அதற்கு நேர்ப்பொருள் கொள்ளக் கூடாது என்று ஐந்து நிமிடம் பாடம் நடத்தியிருக்கலாம். காலையில் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த அதே சலுகை. இரண்டாவது முறையாக ஒரே நாளில் இலக்கணம் என்னைக் காப்பாற்றக் கையை நீட்டியது.

"பாக்கலைம்மா" என்றேன். "ஓட்டினேன். என்ன வந்துச்சுன்னு அப்பா பாக்கலை."

அடுப்படியில் செண்பகம் கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

வடிவு தன் விரல்களைப் பார்த்தாள். "அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போலாம்னாங்க, அப்பா. நான்தான் போகாதீங்கன்னேன்."

"ஏம்மா?"

"மை டாட் செக்ட் இட்னு சொன்னேன்."

பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்த நாற்பத்தாறு சோதனைகளையும் அழித்தேன். நூறு தொண்ணூற்றொன்று ஆயிற்று. கை வைத்தபின் நிறுத்த முடியவில்லை. மற்றவர்கள் எழுதியவற்றையும் திறந்தேன். அங்கேயும் மூடியைத் திறந்து மூடியவர்கள் இருந்தார்கள். அன்று மாலை அறுபத்தெட்டில் வந்து நின்றது. டெப்ராவிடம் போய், இதில் நாற்பத்தாறு என்னுடையவை, தெரிந்தே எழுதியவை என்று முழு வாக்கியங்களில் சொன்னேன். யெஸ், நோ இரண்டையும் தவிர்த்தேன்.

"நேற்று வரை நூறு இருந்ததே, கோமா" என்றாள். ஏதோ நான் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டது போல.

"நேற்றும் அறுபத்தெட்டுதான். எழுதியிருந்தது நூறு."

அவள் பலகையில் அறுபத்தெட்டு என்று எழுதினாள். சிரிக்கும் முகம் போடவில்லை. என் தாள்கள் இன்றைக்கும் அவள் மேசையில் இருக்கின்றன. கூடுதல் பரிசீலனை தேவைப்படுகிறதாம். ஆங்கில வகுப்பு ஏப்ரலில் முடிந்தது. சான்றிதழ் தந்தார்கள், வருகைப்பதிவு நூறு சதவீதம் என்று போட்டு. பலகையில் எங்கள் குழு இப்போது எழுபத்தொன்பது. இன்னும் கடைசி இடம்தான். ஒரு சதவீதம் ஏற எனக்கு ஒரு மாதம் பிடிக்கிறது, ஒவ்வொரு விடையையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருப்பதால்.

வடிவின் விரல்கள் சரியாகிவிட்டன. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வாசலைப் பூட்டிட்டேன் என்றால், "பாத்தியா?" என்பாள். அடுப்பை அணைச்சாச்சு என்றால், "பாத்தியா?" முன்பெல்லாம் நான் சொன்னால் போதும். இப்போது நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். அநேகமாகப் பூட்டித்தான் இருக்கிறது.